நினைத்த நேரத்தில் தூங்கப் பழகுவது: ஒரு வாரக் குறிப்பு, ஆறு வாரப் பயிற்சி

தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால், அது அவர்கள் வாங்கி வந்த வரம் என்றுதான் தோன்றும். உடல்வாகுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. மீதி பழக்கம். விளக்கை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் புரண்டு புரண்டு படுப்பதும் உடல் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம்தான். யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை, தினமும் செய்ததால் படிந்துவிட்டது. அதை அழித்து வேறொன்றைப் படியவைக்கும் வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

தூக்கத்துக்கு உத்தரவு போட முடியாது. "தூங்கு, தூங்கு" என்று சொல்லச் சொல்ல விழிப்புதான் கூடும். நம் கையில் இருப்பவை மூன்று: எந்த நேரத்தில் படுக்கிறோம், எவ்வளவு நேரம் விழித்திருந்துவிட்டுப் படுக்கிறோம், படுத்தபின் என்ன செய்கிறோம். இந்த மூன்றையும் ஒழுங்குபடுத்தினால் தூக்கம் தானாக வந்து சேரும்.

இணையத்தில் சுற்றும் "ராணுவ முறை, இரண்டே நிமிடத்தில் தூக்கம், ஆறு வாரத்தில் 96 சதவீத வெற்றி" என்ற கணக்கை நம்பி இறங்க வேண்டாம். அந்த எண் பட் விண்டர் என்ற அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் எழுதியதிலிருந்து வருகிறது. ஆய்வகத்தில் அளந்து வந்ததல்ல. நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கும் தூக்கம் பிடிக்க 10 முதல் 20 நிமிடம் ஆவது இயல்பு. முக்கால் மணி நேரம் ஆகிறவர் கால் மணிக்குள் வருவதும், பகலில் 20 நிமிடம் கிடைத்தால் அதில் பத்து நிமிடமாவது கண்ணயர்வதும் இந்தப் பயிற்சிக்கு நியாயமான இலக்குகள்.

தொடங்கும் முன் யார் நிற்க வேண்டும்

வலிப்பு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீழே வரும் படுக்கை நேரக் குறைப்பை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. தூக்கம் குறைந்தால் இவர்களுக்குத் தீங்கு வரலாம். பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது வேறு நோய். அதற்கு இந்தப் பயிற்சி மருந்தாகாது. படுத்தால் கால்களில் ஊர்வதுபோல் இருந்து, அசைத்தால்தான் நிம்மதி என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெடுகிறது என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இங்கே சொல்பவை அதற்கான நடத்தைச் சிகிச்சையிலிருந்து எடுத்தவையே, ஆனால் அந்த நிலையில் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்வது நல்லது. தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

பேருந்து, லாரி ஓட்டுபவர்களும் இயந்திரத்தில் வேலை செய்பவர்களும் முதல் மூன்று வாரப் பகுதியை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யலாம். ஏனென்று போகப்போகத் தெரியும்.

எப்போது வரும், எப்போது வராது

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கப் பசி ஏறுகிறது. உடலுக்குள் இருக்கும் 24 மணிக் கடிகாரம் தனியாக ஓடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தை சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெய் 1982-இல் முன்வைத்தார். பசி ஏறியிருந்து கடிகாரமும் இடம் கொடுத்தால் தூக்கம் உடனே வரும்.

கடிகாரம் இடம் கொடுக்காத நேரம் ஒன்று உண்டு, அது பலருக்கும் தெரிவதில்லை. இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி 1980-களில் ஆட்களை 20 நிமிடச் சுழற்சியில் வைத்துப் பார்த்தார்: 7 நிமிடம் படுக்கை, 13 நிமிடம் விழிப்பு, மறுபடி 7 நிமிடம் படுக்கை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில், முந்தின இரவு கண் மூடாதவர்களுக்கும்கூடத் தூக்கம் பிடிப்பது அரிதாக இருந்தது. விடிகாலை நாலு மணி ரயிலுக்காக எட்டு மணிக்கே படுத்துப் புரளுகிறவர்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். பதினொரு மணிக்குத் தூங்குகிறவர் எட்டிலிருந்து பத்து வரை எந்தப் பயிற்சியும் செய்ய வேண்டாம். பிற்பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை கடிகாரமே கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். பகல் பயிற்சிக்கு அந்த நேரம்தான்.

முதல் வேலை: ஏழு நாள் குறிப்பு

ஒரு நோட்டில் தினமும் காலையில் ஆறு விஷயம் எழுதுங்கள். படுத்த நேரம், தூக்கம் பிடிக்க எத்தனை நிமிடம் ஆனது, இடையில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், கடைசியாகக் கண் விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம், முந்தின நாள் கடைசி காபி அல்லது டீயின் நேரம். எல்லாம் உத்தேசக் கணக்குப் போதும். இரவில் மணி பார்த்து எழுதக் கூடாது. மணி பார்ப்பதே தூக்கத்தைக் கலைக்கும். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், போனைக் கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள்.

ஏழு நாள் முடிந்ததும் சராசரி எடுங்கள். இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6.30-க்கு எழுகிறார் ஒருவர். படுக்கையில் 510 நிமிடம். உண்மையில் தூங்கியது 360 நிமிடம். 360-ஐ 510-ஆல் வகுத்தால் 71 சதவீதம். இரண்டரை மணி நேரம் படுக்கையில் விழித்துக் கிடப்பதைத் தினமும் மூளைக்குப் பாடமாக நடத்துகிறார் என்று பொருள்.

காபியை இந்த வாரத்திலேயே குறைக்கத் தொடங்குங்கள். உள்ளே போன காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம். மாலை 4 மணி டிகிரி காபியில் பாதி 9 மணிக்கும், கால்வாசி நள்ளிரவு தாண்டியும் இரத்தத்தில் இருக்கும். பயிற்சி முடியும்வரை கடைசிக் கோப்பை நண்பகல் 12-க்குள் முடியட்டும். டீயும் கோலாவும் இந்தக் கணக்கில் சேரும். நாளுக்கு நாலைந்து கோப்பை குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கோப்பையைக் குறையுங்கள்.

வாரம் 1 முதல் 3 வரை: படுக்கை நேரத்தைச் சுருக்குவது

இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வகுத்தார். படுக்கையில் இருக்கும் நேரத்தை, உண்மையில் தூங்கும் நேரத்தின் அளவுக்குக் குறைக்க வேண்டும். மேலே சொன்னவருக்கு ஆறு மணி நேரம். முதலில் எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கும் பொங்கலுக்கும் சேர்த்து. 5.30 என்று வைத்தால் படுக்கும் நேரம் இரவு 11.30. அதற்கு முன்னால் கண் சொக்கினாலும் படுக்கக் கூடாது. உட்கார்ந்து துணி மடியுங்கள், பாத்திரம் அடுக்குங்கள். சராசரி நான்கு மணி நேரம்தான் என்று வந்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

வாரம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். படுத்த நேரத்தில் 90 சதவீதமோ அதற்கு மேலோ தூங்கினால், 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 85-க்கும் 90-க்கும் இடையில் என்றால் அப்படியே தொடருங்கள். 85-க்குக் கீழே என்றால் 15 நிமிடம் பின்தள்ளுங்கள். ஆறு மணி நேரத்தில் ஐந்தரை மணி தூங்கியவருக்கு 92 சதவீதம். அடுத்த வாரம் 11.15-க்குப் படுக்கலாம். எழும் நேரம் மட்டும் அசையவே கூடாது. எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருங்கள். மொட்டை மாடி போதும், வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரமும் போதும்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். மதியம் கண் எரியும், பேச்சில் எரிச்சல் வரும். இந்த நாட்களில் தூக்கக் கலக்கத்தோடு இரு சக்கர வாகனம் ஓட்டக் கூடாது. வண்டியும் இயந்திரமும் தொழிலாக உள்ளவர்களை இந்தப் பகுதியிலிருந்து விலக்கியதும் இதனால்தான். சிலர் நாலாம் ஐந்தாம் நாளில் பயிற்சியைக் கைவிடுகிறார்கள். இரவில் படுத்ததும் கண் இழுக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கு அடுத்த சில நாட்களில். பகல் தூக்கம் இந்த மூன்று வாரமும் கிடையாது, பேருந்தில் தலை சாய்ப்பது உட்பட. பகலில் அயர்ந்தால் சேர்த்த பசியில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

படுக்கைக்கு ஒரே வேலை

நேரத்தைச் சுருக்குவதோடு சேர்த்தே செய்ய வேண்டியது இது. 1972-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த விதிகளின் சாரம்: படுக்கை தூக்கத்துக்கு மட்டும். தாம்பத்தியம் மட்டுமே விதிவிலக்கு. போன், சீரியல், கணக்கு வழக்கு, நாளைக்கு என்ன சமையல் என்ற யோசனை எதற்கும் அங்கே இடமில்லை.

தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு அலுத்திருப்பது வேறு, தூக்கம் வருவது வேறு. அலுப்பில் கால் வலிக்கும், உட்காரத் தோன்றும், ஆனால் கண் பளிச்சென்று இருக்கும். தூக்கம் வரும்போது இமை கனக்கும், படித்த வரியையே மறுபடி படிப்பீர்கள், தலை ஒருமுறை முன்னால் ஆடி விழும். அந்தத் தலையாட்டம்தான் படுப்பதற்கான சமிக்ஞை.

படுத்து உத்தேசமாகக் கால் மணி நேரத்தில் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மணி பார்க்க வேண்டியதில்லை. "இன்னும் தூங்கவில்லையே" என்ற எரிச்சல் எட்டிப்பார்த்தால் அதுவே நேரம். வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியம் குறைந்த ஒன்றைச் செய்யுங்கள். பழைய பத்திரிகை, பூ கட்டுவது, பயறு பொறுக்குவது. கண் சொக்கினால் திரும்பி வாருங்கள். பிடிக்கவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். முதல் இரண்டு மூன்று இரவு ஐந்தாறு முறை எழ நேரலாம், அது பயிற்சி வேலை செய்வதன் அடையாளம்தான்.

ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். படுக்கையும் நாற்காலியும் வேறு வேறு என்று மூளைக்குத் தெரிந்தால் சரி. இந்த விஷயத்தில் கட்டிலைவிடப் பாய் நல்லது. காலையில் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் பகலில் அதன்மேல் உட்காரவோ போன் பார்க்கவோ வழியில்லை. இரவில் உதறி விரிப்பதே ஒரு அடையாளமாகிவிடும். கட்டில்காரர்கள் இதற்கு ஈடாகப் படுக்கை விரிப்பைப் பகலில் சுருட்டி வைக்கலாம், அல்லது தூக்கத்துக்கென்று தனித் தலையணை ஒன்றை அலமாரியில் வைத்திருந்து இரவில் மட்டும் எடுக்கலாம்.

வாரம் 3 முதல்: படுத்தபின் செய்யும் வரிசை

இதைத் தினமும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். வரிசை மாறினால் அடையாளம் படியாது.

படுக்க ஒரு மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். சூடு தோலுக்கு வந்து, கை கால் வழியாக வெளியேறி, உடலின் உள்சூடு இறங்கும். அந்த இறக்கத்தோடு தூக்கம் வரும். பாதம் கதகதப்பாக உள்ளவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாஸல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் காட்டியதற்கும் காரணம் இதுதான். ஊட்டியில் இருப்பவர் காலுறை போடலாம். அக்னி நட்சத்திரத்தில் சென்னைக்காரர் அதே குளியலுக்குப்பின் காலை ஈரத்தோடு விட்டு மின்விசிறிக் காற்று படும்படி படுத்தால் போதும்.

படுத்ததும் தசையைத் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறாண்டுக்கு முன் தொடங்கிய முறை இது. சவாசனம் பழகியவர்களுக்குச் சுலபமாக வரும். ஒவ்வொரு பகுதியையும் 5 முதல் 7 நொடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 நொடி அப்படியே கிடக்க வேண்டும். இரண்டு கைகளின் முஷ்டி, நெற்றி, மூடிய கண்கள், தாடை, காதுவரை தூக்கிய தோள், வயிறு, தொடை என்று மேலிருந்து கீழே போங்கள். கெண்டைக்காலை மட்டும் பலமாக இறுக்காதீர்கள்; நரம்பு பிடித்துக்கொண்டால் அந்த இரவு போச்சு. பலரும் மறக்கும் இடம் தாடை. பல் பல்லோடு உரசாமல், நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும். முழுச் சுற்றும் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். இரண்டு வாரம் போனபின் இறுக்காமல் நினைப்பாலேயே தளர்த்த வரும்.

மூச்சில் ஒன்றே ஒன்று: விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். மனத்துக்குள் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்து முறை. மூச்சை அடக்க வேண்டாம்.

அடுத்தது மனசு. யோசிக்காதே என்றால் அது கேட்காது. யோசிக்க வேறு கொடுக்க வேண்டும். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் போடுவா பரப்பிய முறை இதற்குத் தோதானது. ஒரு சொல்லை எடுங்கள், "பவளமல்லி" என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து ப: பலாப்பழம், பம்பரம், படகு, பனைமரம். ஒவ்வொன்றையும் ஐந்தாறு நொடி மனக்கண்ணில் பார்த்துவிட்டு நகருங்கள். பலாவின் முள், பம்பரத்தின் ஆணி, அவ்வளவு போதும். அலுத்ததும் அடுத்த எழுத்து வ: வளையல், வண்டி, வயல். மூன்றாவதான ள-வில் தமிழ்ச் சொல் தொடங்காது, தாண்டிவிடுங்கள். படங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருப்பதுதான் முக்கியம். கதை கோர்க்கத் தொடங்கினால் மூளை விழித்துக்கொள்ளும். கடைசி எழுத்தில் அடுத்த சொல் தேடும் விளையாட்டும் வேண்டாம், பாட்டுக்குப் பாட்டும் வேண்டாம். இரண்டும் போட்டி மனநிலையைக் கிளப்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. தூக்கம் வராதபோது இந்த வரிசையை மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். ஒரு சுற்று, பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். விழித்துக்கொண்டே செய்தால், வரிசையே விழிப்பின் அடையாளமாக மாறிவிடும்.

வாரம் 4: கரண்டிப் பயிற்சி

ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் லியோன் லாக்கும் ஜோடி ஹாரிஸும் ஒரு துணிச்சலான முறையைச் சோதித்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது. தூக்கமின்மை உள்ளவர்களை 25 மணி நேரம் ஆய்வகத்தில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை, ஏறக்குறைய 50 முறை படுக்கச் சொன்னார்கள். தூக்கம் பிடித்துச் சுமார் மூன்று நிமிடத்தில் எழுப்பினார்கள். பசி தீரவே விடவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் வேகவேகமாகத் தூங்கினார்கள். ஒரே நாளில், படுத்தால் தூங்கும் அனுபவம் பல டஜன் முறை. பல வாரச் சிகிச்சைக்குச் சமமான பலன் சீக்கிரமே தெரிந்தது.

வீட்டில் 25 மணி நேரம் செய்ய வேண்டாம், செய்யவும் கூடாது. அதே தத்துவத்தைச் சின்னதாகச் செய்யலாம். மறுநாள் விடுமுறையாக உள்ள ஒரு இரவைத் தேர்ந்தெடுங்கள்.

1. வழக்கமான படுக்கும் நேரத்தில் படுங்கள். எவர்சில்வர் மேசைக்கரண்டி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடியுங்கள். டீ ஸ்பூன் விரலிடுக்கில் சிக்கிக்கொள்ளும், குழம்புக் கரண்டி கனத்தில் முன்னாலேயே நழுவும்.
2. கட்டிலென்றால் மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கீழே ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பாயென்றால் முழங்கையைத் தரையில் ஊன்றி முன்கையை நிமிர்த்தி வையுங்கள், பக்கத்தில் தட்டு.
3. வரிசையைத் தொடங்குங்கள். தூக்கம் பிடிக்கும் கணத்தில் தசை தளர்ந்து கரண்டி விழும், சத்தத்தில் விழிப்பீர்கள்.
4. உடனே எழுந்து மூன்று நிமிடம் நடங்கள். விழுவதற்குச் சற்று முன் மனத்தில் என்ன ஓடியது என்று நினைவுபடுத்துங்கள். மறுபடி படுங்கள்.
5. கால் மணி நேரமாகியும் விழவில்லை என்றாலும் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.
6. ஐந்தாறு சுற்று ஆனதும் கரண்டியை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுங்கள்.

பக்கத்தில் படுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

இதில் கிடைக்கும் பெரிய பாடம், தூக்கத்தின் வாசல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது. விசிறிச் சத்தம் தூரப் போய்த் திரும்பி வரும். கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்வார்கள், அது நியாயமாகவும் படும். சிலருக்குக் கால் ஒருமுறை வெடுக்கென்று உதறும். பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் "ஐயோ, வருகிறது!" என்று கவனித்துக் கலைத்துக்கொள்வார்கள். ஐந்தாறு முறை அடுத்தடுத்துக் கடந்தால் அந்தப் பரபரப்பு போய்விடும். ராத்திரி முழுக்கக் கண்ணே மூடவில்லை என்று சொல்பவர்களில் பலர் நடுநடுவே தூங்கியிருப்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது. கரண்டி விழும் சத்தம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும்.

முன்னேற்றத்தை அளக்கவும் இதுவே வழி. போனில் ஒலிப்பதிவைத் தொடங்கி, திரையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மறுநாள் ஒலி வரைபடத்தில் தட்டுச் சத்தம் உயரமான கோடுகளாகத் தெரியும். படுத்ததிலிருந்து அதுவரை எத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொள்ளலாம். முதல் சுற்றில் 15 நிமிடமும் கடைசியில் ஐந்தாறு நிமிடமும் இருந்தால் பயிற்சி பிடித்துக்கொண்டது. இந்த வாரம் ஒரு இரவு, அடுத்த வாரம் ஒரு இரவு போதும். அதற்குமேல் செய்தால் தூக்கக் கடன்தான் ஏறும்.

வாரம் 5, 6: பகலில் இருபது நிமிடம்

இரவில் 90 சதவீதம் எட்டியவர்கள் மட்டும் இதற்கு வாருங்கள். எட்டாதவர்கள் பகலில் தூங்கினால் இரவு மறுபடி கெடும்.

வாரத்துக்கு ஐந்து நாள், பிற்பகல் 1-இலிருந்து 3-க்குள், சாப்பிட்டு அரை மணி கழித்து. அலாரம் 20 நிமிடம். படுத்த கணத்திலிருந்து 20, தூங்கிய கணத்திலிருந்து அல்ல. அதே வரிசை, அதே பக்கம், கண்ணை மறைக்க அதே மெல்லிய துண்டு. அலாரம் அடித்ததும், தூங்கினாலும் தூங்காவிட்டாலும், அப்போதுதான் சொக்க ஆரம்பித்திருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இந்தப் பகுதியின் உயிரே இங்கேதான். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று நீட்டினால், அவசரமில்லை, மெதுவாகத் தூங்கலாம் என்று மூளை கற்றுக்கொள்ளும். நேரம் குறைவு என்று தெரிந்தால் சீக்கிரம் இறங்கப் பழகும். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ நேர்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மண்டை கனத்துக் கிடக்கும்.

முதல் வாரம் பாதி நாட்களில் தூக்கமே வராது. கண் மூடிக் கிடந்ததும் ஓய்வுதான் என்று விட்டுவிடுங்கள்.

பாயில் ஐந்துக்கு நாலு முறை கண்ணயர்ந்தபின் இடத்தை மாற்றலாம், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். முதலில் வேறு அறை, பிறகு சாய்வு நாற்காலி, பிறகு அலுவலக நாற்காலி, கடைசியாக ரயில். உட்கார்ந்து தூங்கும்போது கழுத்துக்குத் துணை இல்லாததுதான் பெரிய தடை. தலை ஆடும் ஒவ்வொரு முறையும் விழிப்பு வரும். துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் போட்டாலோ, மேசைமேல் கையை மடித்துத் தலை வைத்தாலோ சரியாகும். இருக்கை ஒரு தடையே அல்ல என்பதற்கு நாசா 1994-இல் வெளியிட்ட விமானிகள் ஆய்வு சாட்சி: நீண்ட பயணத்தில் 40 நிமிட ஓய்வு கொடுத்தபோது, விமானி அறை இருக்கையிலேயே ஆறு நிமிடத்துக்குள் தூங்கி, சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள்.

எங்கே கெடுகிறது

முயற்சி கூடிப்போவதுதான் முதல் காரணம். "இன்றைக்குப் பத்து நிமிடத்தில் தூங்கிக் காட்டுகிறேன்" என்று படுத்தால் அது பரீட்சை. அப்படிப்பட்ட இரவில் தலைகீழாகச் செய்யுங்கள்: இருட்டில் கண்ணைத் திறந்தபடி, "இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருக்கிறேன்" என்று சும்மா கிடங்கள். போன் கூடாது, எழவும் கூடாது. தூங்காமல் போய்விடுவோமோ என்ற கவலைக்கு இடமில்லாததால் இமை தானாக இறங்கும். இது சிகிச்சையிலும் பயன்படும் முறைதான்.

ஞாயிறன்று எட்டு மணிவரை தூங்குவது அடுத்தது. திங்கள் இரவு கடிகாரம் பின்தங்கி நிற்கும், செவ்வாயும் புதனும் அதைச் சரிக்கட்டவே போய்விடும்.

ஹெட்போனில் மழைச் சத்தமோ பேச்சோ கேட்டுத் தூங்கிப் பழகியவர்களுக்கு அடையாளம் போனோடு ஒட்டிவிடுகிறது. சார்ஜ் இல்லாத இரவில் தூக்கமும் இல்லை. ஒலி வேண்டுமென்றால் மின்விசிறி போதும். மின்வெட்டுப் பகுதியில் அதையும் நம்ப வேண்டாம். மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். பயிற்சி நாட்களில் அறவே வேண்டாம்.

படுத்த ஐந்து நிமிடத்துக்குள் எப்போதும், எங்கேயும் தூங்கிவிடுகிறீர்களா? அதைத் திறமை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பகல் தூக்கத்தை அளக்கும் மருத்துவச் சோதனையில் சராசரி எட்டு நிமிடமோ அதற்குக் கீழோ வந்தால் மிகைத் தூக்கம் என்றே கொள்கிறார்கள். பயிற்சி முடிந்தபின் இரண்டு நாள் அலாரம் இல்லாமல் தூங்கிப் பாருங்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால் தூக்கக் கடன் இருக்கிறது. வாரம் 15 நிமிடமாகப் படுக்கை நேரத்தை நீட்டுங்கள். போதுமான அளவு தூங்கியும் பகலில் கண் இழுத்துக்கொண்டே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

காய்ச்சல், ஊர்ப் பயணம், வீட்டில் விசேஷம், இரவுப் பணி என்று ஏதாவது வந்து எல்லாம் குலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். எழும் நேரத்தை அன்றே பழையபடி நிறுத்துங்கள். மூன்று இரவு படுக்கை நேரத்தை அரை மணி பின்தள்ளி, பகல் தூக்கத்தை நிறுத்திவையுங்கள். நாலாம் இரவும் கால் மணிக்குள் பிடிக்கவில்லை என்றால் நோட்டை எடுத்து ஏழு நாள் குறிப்பு எழுதுங்கள். புதுக் கணக்கில் வரும் நேரத்திலிருந்து தொடருங்கள்.